எஞ்சின் ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பட்டறைக்காரனின் மடல்

பாதுகாப்பு அமைச்சக அதிகாரிகளுக்கும், பெங்களூரில் எஞ்சின் ஆராய்ச்சியில் இருக்கும் விஞ்ஞானிகளுக்கும் வணக்கம்.

சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடைந்து பாகம் செய்கிற சின்ன சி.என்.சி. பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். தேஜஸ் கிளம்பும் சத்தம் கேட்டால் பையன்கள் வாசலுக்கு ஓடுவார்கள். நானும் போவேன். நம்ம விமானம் என்று நெஞ்சு நிறையும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போவது அமெரிக்க எஞ்சின். தேஜஸின் புது ரகமான மார்க் 1ஏ விமானங்கள் 83 வாங்க 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவற்றுக்கான எஞ்சின்களில் முதலாவது வந்தது 2025 மார்ச்சில்.

பிரான்சின் சாஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து போர் விமான எஞ்சின் உருவாக்கப் போவதாக 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் சொன்னபோது சந்தோஷப்பட்டேன். கூடவே ஒரு பயமும் வந்தது.

எங்களுக்கு ஒரு பம்ப் பாகத்துக்கு வெளிநாட்டு டிராயிங் வருகிறது. அதில் ஒரு மூலையின் வளைவுக்கு 0.8 மி.மீ. ரேடியஸ், அதாவது ஆரம். புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்: "ஏண்ணா 0.8? ஒண்ணு வெச்சா வெட்டுற டூல் இவ்வளவு சீக்கிரம் தேயாதே?" எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதிக் கேட்டேன். டிராயிங்கில் உள்ளபடி செய்யுங்கள் என்று பதில் வந்தது. ஒன்பது வருஷமாகப் பிசகாமல் செய்கிறோம். காரணம் இன்றுவரை தெரியாது.

நாசிக்கில் சோவியத் வடிவமைப்பான மிக்-21 போர் விமானத்தைக் கட்டினோம், ஒடிசாவின் கோராபுட்டில் அதன் எஞ்சினையும் செய்தோம். அவ்வளவு செய்தும், 1989-ல் தொடங்கிய நம் காவேரி எஞ்சின் தேஜஸில் ஏறவில்லை. செய்யத் தெரிந்த கைக்கு, ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

பேச்சுவார்த்தை என்றாலே 'எத்தனை சதவீதத் தொழில்நுட்பம் தருவார்கள்' என்றுதான் செய்தி வருகிறது. சதவீதத்தை எதை வைத்து எண்ணுகிறீர்கள்? ஆயிரம் போல்ட்டும் ஒரு டர்பைன் பிளேடும் ஒன்றாகுமா? அந்த பிளேடு என்பது எஞ்சினுக்குள் சுழலும் இறக்கை போன்ற தகடு; தான் உருகும் சூட்டையும் மிஞ்சிய வாயுவுக்குள் சுற்றுகிறது. உள்ளே மெல்லிய குழாய்களில் காற்று ஓடுவதால்தான் தாங்குகிறது. முழு பிளேடையும் ஒரே படிகமாக வார்க்க வேண்டும். ஹைதராபாத் உலோக ஆய்வகம் ஹெலிகாப்டர் எஞ்சினுக்கு அப்படி வார்த்துக் காட்டியிருக்கிறது, அதனால் நாம் வெறுங்கையோடு போகவில்லை. சரி, கேட்க வேண்டியது என்ன? உருப்படியாக வந்த பிளேடின் டிராயிங் மட்டும் போதாது. வீணாய்ப் போன வார்ப்புகளின் பதிவேடுகளைக் கேளுங்கள். எந்தச் சூட்டில் விரிசல் விட்டது, அப்புறம் எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

நம் பொறியாளர்கள் முதல் நாளிலிருந்தே வடிவமைப்பு மேசையில் உட்கார வேண்டும். 1998-ல் பொக்ரான் அணுகுண்டு சோதனைக்குப் பிறகு, அமெரிக்காவில் தேஜஸின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்த நம்மவர்களை அந்த நாடு திருப்பி அனுப்பியது. இங்கே வந்து அவர்களே அதை முடித்தார்கள், 2001 ஜனவரியில் விமானம் பறந்தது. கூட உட்கார்ந்து வேலை செய்தவர்கள் என்பதால் அது முடிந்தது.

பணத்திலும் கை இழுக்காதீர்கள். ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் நமக்காக வடிவமைத்த மாருத் போர் விமானம் 1961-லேயே பறந்தது. அதற்குத் தோதான எஞ்சினை வளர்த்தெடுக்க பிரிட்டிஷ் நிறுவனம் பணம் கேட்டது, நாம் கொடுக்கவில்லை. ஒலியைப் போல இரு மடங்கு வேகத்துக்கு வரைந்த விமானம் கடைசிவரை அந்த வேகத்தைத் தொடவே இல்லை.

எங்கள் பையன் அந்த டிராயிங் ஓரத்தில் 'ஏன் 0.8?' என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறான். நம் பொறியாளர் அப்படிக் கேட்டால் அந்த நிறுவனம் எழுத்தில் பதில் தந்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு சேருங்கள்.

இப்படிக்கு,
சூலூர்ப் பட்டறைக்காரன்