ரோப் இருக்கட்டும், காலைக் காட்டுங்கள்

சரித்திரப் படம் எடுக்கும் இயக்குநர்களுக்கும் ஸ்டண்ட் மாஸ்டர்களுக்கும்,

வணக்கம்ங்க. சேலம் அம்மாபேட்டையில் சிலம்பம் சொல்லிக்கொடுப்பவன் நான்.

போன வருசம் ஒரு ராஜா கதைப் படம் வந்த மறுவாரம், என்னிடம் கம்பு சுற்ற வரும் பையன்கள் இரண்டு பேர் வேப்பமரக் கிளையில் நைலான் கயிற்றைப் போட்டிருக்கிறார்கள். ஒருவன் இடுப்பில் கட்டிக்கொள்ள, இன்னொருவன் இழுத்திருக்கிறான். நான் போனபோது மேலே இருந்தவன் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். கம்பை மட்டும் விடவில்லை. இறக்கிவிட்டுத் திட்டினால், "படத்துல மட்டும் பறக்கறாங்களே மாஸ்டர்?" என்கிறான். அவனுக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆளைக் கம்பியில் கட்டிப் பறக்கவிடும் ரோப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. சீனத்து வீரக்கதைகளில் உடம்பை இலேசாக்கிக் கூரைக்குக் கூரை தாவுவது ஒரு வித்தை, அதற்குத் தனிப் பெயரே உண்டு. அதனால்தான் 2000இல் வந்த 'க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தில் மூங்கில் உச்சியில் நின்று வாள் வீசியபோது நாமும் வாய்பிளந்து பார்த்தோம். அதே சீனச் சண்டைப் பட உலகில் லாவ் கார் லியுங் என்று ஒருவர் இருந்தார். அப்பாவிடம் குங்ஃபூ படித்தவர். 1978இல் அவர் எடுத்த ஷாவோலின் மடத்துப் படத்தில் பெரும்பகுதி பயிற்சிதான். கதாநாயகனின் மேல்கையில் கத்தியைக் கட்டிவிட்டு, கை தாழ்ந்தால் விலாவில் குத்தும்படி தண்ணீர் வாளி சுமக்க வைப்பார்கள். கடைசிச் சண்டை வரும்போது அந்த ஆளின் கையை நாம் நம்பிவிடுகிறோம்.

நம் சங்கதி வேறு. சிலம்பத்தில் எடுத்ததும் கம்பைக் கையில் கொடுத்துவிட மாட்டேன். முதலில் காலடி. சாயங்காலம் தண்ணீர் தெளித்த மண்ணில் ஆடிவிட்டுப் போனபிறகு, எந்தக் காலில் பாரம் வைத்தான், எங்கே தடுமாறினான் என்று பெருவிரல் பதிந்த ஆழத்திலேயே தெரிந்துவிடும். பின்னங்கால் குதி திரும்பினால் இடுப்பு திரும்பும், அப்புறம் தோள், கடைசியில்தான் மணிக்கட்டு. அடி மண்ணிலிருந்து ஏறிவருகிறது. ரோப்பில் தொங்குபவனுக்கு மிதிக்க மண்ணே இல்லையே! இடுப்பு முன்னால் போகிறது, கால் கொடியில் காயும் வேட்டி மாதிரி பின்னால் வருகிறது. கம்பியைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடுகிறீர்கள், சரி. அந்தக் காலை என்ன செய்வீர்கள்?

எங்கள் ஊர் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிற்கிறது. 1950இல் 'மந்திரி குமாரி' எடுத்த கம்பெனி. அதில் நடித்த எம்.ஜி.ஆர். சிலம்பம் கற்றவர். அந்தக் காலத்து வாள்சண்டைகளில் கேமரா தள்ளி நிற்கும், தலை முதல் கால் வரை ஆள் தெரிவார். சில சண்டை சோம்பலாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யார் யாரை எதனால் ஜெயித்தார் என்று குழப்பம் இருக்காது.

ஒரு படத்துக்கு எங்கள் பையன்களைக் கூட்டிப்போனார்கள். மூன்று நாள் வெயிலில் ஆடினார்கள். தியேட்டரில் பார்த்தால் இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை! எடிட்டிங்கில் அரை நொடிக்கு ஒரு வெட்டு. ஹீரோவுக்குக் காலடி வராததால் எல்லோருடைய காலையும் ஒளித்துவிட்டார்களோ என்னவோ. கால்ஷீட் கஷ்டம் எனக்கும் புரிகிறது. ஆனால் குதிரை ஓட்டப் பழக நாள் ஒதுக்கும் நடிகர், காலடிக்கும் இரண்டு மாதம் ஒதுக்கலாம்.

படத்துக்கு ஒரு சண்டை போதும். கேமராவைப் பின்னால் தள்ளி, வெட்டாமல், கால் தெரிய எடுங்கள். மற்றதில் எவ்வளவு வேண்டுமானாலும் பறக்கவிடுங்கள்.

காலடி பார்க்க வேண்டுமென்றால் ஆடிக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகை தொடங்கிவிட்டால் பையன்கள் ஒருத்தனும் கையில் சிக்கமாட்டான். அப்புறம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

இப்படிக்கு,
அம்மாபேட்டைச் சிலம்ப மாஸ்டர்