நோக்கம் கிடைக்கும்வரை அறம் காத்திருக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாழ்க்கையின் நோக்கம் பற்றி உங்கள் இதழில் அண்மையில் வந்த கடிதங்களில் இரண்டு கட்சிகள் தெரிகின்றன. கடவுள் நமக்கென்று ஒரு நோக்கம் வைத்திருக்கிறார், அதை எடுத்துவிட்டால் நல்லது கெட்டது என்ற பேச்சே மிஞ்சாது என்கிறது ஒன்று. பிரபஞ்சத்துக்கு நோக்கமே கிடையாது, ஆகவே அறம் என்பது மனிதர்கள் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு என்கிறது மற்றது. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே அனுமானத்தில்தான் காலூன்றி நிற்கின்றன: நோக்கம் இருந்தால்தான் அறம். அறவியல் பாடம் நடத்துபவர்கள் என்ற முறையில் அந்த அனுமானத்தையே மறுக்கிறோம். 'எதற்காக வாழ்கிறேன்' என்பதும் 'எதைச் செய்யக் கூடாது' என்பதும் தனித்தனிக் கேள்விகள். முதலாவதை வைத்து இரண்டாவதை அளக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் சாட்சி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறோம்.

முதலில் கடவுள் தரப்பு. பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றில் சாக்ரட்டீஸ் கேட்கும் கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டால் இப்படி வரும்: நல்லது என்பதால் தெய்வம் அதை விரும்புகிறதா, தெய்வம் விரும்புவதால் அது நல்லதாகிறதா? இரண்டாவதுதான் என்றால், கொடுமை செய்யச் சொல்லிக் கட்டளை வந்தால் கொடுமையும் நல்லதாகிவிடும். 'கடவுள் அப்படிச் சொல்லவே மாட்டார்' என்பவர்களைக் கேட்கிறோம், ஏன் மாட்டார்? கொடுமை கெட்டது என்பதால்தானே! அந்தப் பதிலிலேயே கட்டளைக்கு முந்திய ஓர் அளவுகோலை ஒப்புக்கொண்டாயிற்று. இதை நாத்திகர்களின் குயுக்தி என்று ஒதுக்க முடியாது. நன்மை தீமையை அறிவாலேயே அறியலாம் என்று முஃதஸிலா பிரிவினரும், இறைக்கட்டளைதான் அளவுகோல் என்று அஷ்அரீ பிரிவினரும் இஸ்லாமிய இறையியலுக்குள்ளேயே வாதாடியிருக்கிறார்கள். கடவுளின் இயல்பே நன்மை, ஆகவே கட்டளை தாறுமாறாக இருக்காது என்பது நம்பிக்கையாளர்கள் சொல்லும் பதில்களில் வலுவானது. ஆனால் அன்பும் நீதியும் நல்ல இயல்புகள் என்று நமக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் அந்தப் பதில் விளங்கும். அறவழியில் நிற்க நம்பிக்கை ஊக்கம் தருகிறது என்பது வேறு விஷயம். அதில் எங்களுக்குச் சண்டை இல்லை.

பரிணாமத்தை இழுப்பவர்களுக்குச் சுருக்கமாகவே சொல்லலாம். கூடி வாழும் உயிரினங்களில் பரிவும் ஒத்துழைப்பும் எப்படி வளர்ந்தன என்பதை டார்வின் 1871-லேயே பேசினார். அது தோற்றத்தைச் சொல்கிறது. நாம் ஏன் அதன்படி நடக்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. அந்நியரை வெறுக்கும் உணர்ச்சியும் அதே வழியில் வந்திருக்கலாம் அல்லவா? 'இருக்கிறது' என்ற வாக்கியங்களை மட்டும் அடுக்கி 'வேண்டும்' என்ற முடிவுக்குத் தாவுவதைத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1740-இல் சுட்டிக்காட்டினார். இன்றைக்கும் அந்தத் தாவல் நின்றபாடில்லை.

அப்படியானால் எங்கே தொடங்குவது? 'தன்னுயிர்க்கு இன்னாமை தானறிவான் என்கொலோ மன்னுயிர்க்கு இன்னா செயல்' என்கிறது 318-ஆம் குறள். அந்த ஒன்றே முக்கால் அடியில் கட்டளையும் இல்லை, பிறவியின் இறுதி இலக்கும் இல்லை. வாதம் மட்டும் இருக்கிறது. எனக்கு வலிக்கும்போது, அதை நிறுத்துவதற்கு வேறு காரணம் தேவைப்படுவதில்லை; வலியே காரணம். அதே வலி இன்னொருவருக்கு இருக்கையில் அது காரணம் ஆகாது என்று சொல்ல, எங்கள் இருவருக்கும் இடையே பொருத்தமான வேறுபாடு ஒன்றைக் காட்டியாக வேண்டும். நிறமும் பிறப்பும் பலமும் வலியின் தன்மையை மாற்றுவதில்லை. ஆகவே விளக்கம் சொல்லும் பொறுப்பு வேறுபடுத்துபவர் தலையில்தான் விழுகிறது. அறத்துக்கு இதைவிட உறுதியான தொடக்கம் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

தொடக்கம் மட்டும் போதாது, நடைமுறை வேண்டும். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1785-இல் தந்த சோதனை இன்றும் பயன்படுகிறது, சரியாகக் கையாண்டால். அவருடைய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பணம் அவசரமாக வேண்டும். திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே, தருகிறேன் என்று வாக்களித்துக் கடன் கேட்கிறார். அவர் எந்தக் கொள்கையின்படி நடக்கிறார் என்பதை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும்: 'பணமுடை வந்தால் பொய் வாக்கு கொடுத்துக் கடன் வாங்குவேன்.' அடுத்து, எல்லோரும் அதன்படி நடக்கும் உலகத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே வாக்கை நம்ப ஆளே இருக்காது, ஆகவே பொய் வாக்கால் கடன் வாங்கவும் முடியாது. மற்றவர்கள் விதியைக் காப்பாற்றினால்தான் இவருடைய திட்டம் பலிக்கும். தனக்கு மட்டும் விலக்கு கேட்கிறார். குற்றம் அதுதான்.

பெரும்பாலானவர்கள் இடறி விழுவது முதல் படியில். கொள்கையை எழுதும்போது நாள், பெயர், தொகை என்று விவரங்களைச் செருகி, 'இந்தச் செவ்வாய்க்கிழமை இந்தச் சிக்கலில் இருக்கும் நான்' என்று குறுக்கிவிட்டால் எந்த அயோக்கியத்தனமும் சோதனையில் தேறிவிடும். உலகத்தில் ஒரே ஒருமுறை நடப்பதை எல்லோரும் செய்தாலும் எதுவும் குலையாது பாருங்கள். மாற்று எளிது: ஒரு விவரத்தை மாற்றிப் பார்த்த பிறகும் நீங்கள் அதையே செய்வீர்கள் என்றால், அந்த விவரம் உங்கள் காரணத்தில் இல்லை, அடித்துவிடுங்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கொள்கையை அளவுக்கு மேல் அகலமாக்கினால் கான்டுக்கு நேர்ந்தது நேரும். நண்பனைக் கொல்லத் தேடி வருபவனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் அவர் எழுதிவைத்தார். அதை ஏற்கும் ஆசிரியர்கள் இன்று அரிது.

ஆகவே இந்தச் சோதனையோடு வேறு இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். செயலால் பாதிக்கப்படுபவர்களின் பட்டியலைப் போடுங்கள். வாய் திறந்து மறுக்க முடியாதவர்களை முதலில் எழுதுங்கள். குழந்தைகள், இனிப் பிறக்கப் போகிறவர்கள், விலங்குகள். பிறகு, திட்டத்தை அவர்களிடமோ அவர்கள் சார்பில் பேசக்கூடியவரிடமோ அப்படியே வெளிப்படையாகச் சொன்னால் அது பலிக்குமா என்று பாருங்கள். மறைத்தால்தான் நடக்கும் என்றால் அங்கே நிறுத்த வேண்டும்.

இந்த இரண்டும் இல்லாத கான்ட் எவ்வளவு ஆபத்தானவர் என்பதற்கு அடால்ஃப் ஐக்மனே சாட்சி. யூதர்களை வதைமுகாம்களுக்கு அனுப்பும் வேலையை ஒருங்கிணைத்த அந்த நாஜி அதிகாரி, 1961-இல் ஜெருசலேமில் நடந்த விசாரணையில், தான் கான்டின் கடமைக் கோட்பாட்டின்படி வாழ முயன்றதாகச் சொன்னார். நீதிபதி ஒருவர் குறுக்கிட்டுக் கேட்டபோது அந்தக் கோட்பாட்டை ஏறத்தாழச் சரியாகவே ஒப்பித்தார். தலைவர் ஹிட்லரின் நோக்கத்தைத் தன் கடமையாக்கிக்கொண்ட மனிதர் அவர். வாழ்க்கையில் நோக்கம் இல்லாமல் அலைந்தவர் என்று அவரைச் சொல்ல முடியுமா?

நோக்கம் உயர்ந்ததாக இருந்தாலும் கதை மாறுவதில்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகீயில் பொதுச் சுகாதாரத் துறை 1932-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிகிச்சை தராமல் விட்டால் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் எப்படி முற்றுகிறது என்று அறிவதுதான் நோக்கம். ஏழைக் கறுப்பின ஆண்கள் 600 பேர். அவர்களில் 399 பேருக்கு அந்த நோய் இருந்தது, 201 பேர் ஒப்பீட்டுக்கு. நோயின் பெயரே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 'கெட்ட ரத்தம்', வைத்தியம் பார்க்கிறோம் என்றுதான் சொன்னார்கள். 1940-களின் பிற்பகுதியில் பென்சிலின் வழக்கமான சிகிச்சையாகிவிட்ட பிறகும் அதைக் கொடுக்கவில்லை. 1972-இல் செய்தித்தாளில் வெளியாகி ஊர் கொதித்த பிறகுதான் ஆய்வு நின்றது. அறிவை வளர்ப்பது என்ற நோக்கத்தில் குறை காண முடியுமா? ஆனால் மேலே சொன்ன வெளிப்படைச் சோதனையை அது ஒரே ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது.

அதன் தொடர்ச்சி இன்னும் முக்கியம், ஏனோ இதை யாரும் பேசுவதில்லை. மனிதர்கள் மீதான ஆய்வுக்கு நெறி வகுக்க 11 பேர் கொண்ட தேசிய ஆணையம் அமைந்தது. 1979-இல் வெளியான அதன் பெல்மான்ட் அறிக்கை மூன்று கொள்கைகளை முன்வைத்தது: மனிதருக்கு மதிப்பு, நன்மை செய்தல், நீதி. அந்த ஆணையத்தோடு பணியாற்றிய தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். வெவ்வேறு மதமும் துறையும் சேர்ந்த உறுப்பினர்கள் குறிப்பிட்ட வழக்குகளில் எது சரி, எது தவறு என்பதில் பெரிதும் ஒத்துப்போனார்கள். ஏன் சரி என்று காரணம் சொல்லும்போதுதான் பிரிந்தார்கள். அடித்தளச் சண்டை தீராவிட்டால் அறமே சரிந்துவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு இது நல்ல பதில்.

இனி நோக்கம். பல லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகு நாம் செய்வது எதுவும் பொருட்டாக இருக்காது என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியானால், பல லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகு இருக்கப்போகும் அந்த நிலையும் இப்போது நமக்குப் பொருட்டல்ல, கணக்கு நேராகிவிட்டது. மேலே இருந்து தரப்படும் நோக்கமும் சிக்கலைத் தீர்ப்பதில்லை. குடும்பத் தொழிலைக் கவனிக்கவென்றே பெற்றோர் ஒரு பிள்ளையைப் பெற்றார்கள் என்று வையுங்கள். அந்தப் பிள்ளைக்கு அதுதான் நோக்கம் என்று ஆகிவிடாது. அவனோ அவளோ ஏற்க வேண்டும், ஏற்கத் தக்கதாகவும் இருக்க வேண்டும்.

தேடுவதும் கிடைப்பதும் வேறு என்பதை அளவீடுகளும் கணக்கில் கொள்கின்றன. உளவியலாளர் மைக்கேல் ஸ்டீகரும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட வினாத்தாளில் 10 வாக்கியங்கள். வாழ்க்கையில் அர்த்தம் இருப்பதை அறிய ஐந்து, அதைத் தேடுவதை அறிய ஐந்து. இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண் போடுவதில்லை. உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தால் முதல் ஐந்து தானாக உயரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஏதாவது ஒரு வேலையில் இறங்க வேண்டும். நீண்ட காலம் தொடரக்கூடியது, உங்களுக்கும் பொருட்டானது, உங்களைத் தாண்டி யாருக்காவது பயன்படுவது என்ற மூன்றும் பொருந்தும் ஒன்றை எடுத்து, வாரம் நான்கு மணி நேரம், மூன்று மாதம் செய்து பார்க்கலாம். முதல் இரண்டு வார உற்சாகத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம், அது புதுமையின் மயக்கம். அந்த வேலையின் சலிப்பூட்டும் பகுதியை உங்களால் பொறுக்க முடிகிறதா, பாராட்ட யாரும் இல்லாவிட்டாலும் தொடர்வீர்களா, நீங்கள் நிறுத்தினால் இழப்பு யாருக்கு என்று மாத முடிவில் எழுதிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே முடிவில் கட்டிவைப்பது இதில் அடிக்கடி நேரும் பிழை. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1826-இல், இருபது வயதில், தன்னையே கேட்டுக்கொண்டார்: நான் விரும்பும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்த நொடியே நிறைவேறினால் எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாகுமா? இல்லை என்று உள்ளம் பளிச்சென்று சொல்ல, மாதக்கணக்கில் சோர்ந்து போனார். சீர்திருத்தங்கள் தப்பாகிவிடவில்லை. அவற்றைத் தன் மகிழ்ச்சிக்கு ஒரே ஊன்றுகோலாக வைத்திருந்ததுதான் கோளாறு. மகிழ்ச்சியை நேராகக் குறிவைக்காமல் வேறொன்றில் மனம் வைப்பவர்க்கே அது வாய்க்கும் என்ற முடிவுக்குப் பின்னர் அவர் வந்தார். வேலை ஒன்றையே, பிள்ளை வளர்ப்பு ஒன்றையே நோக்கமாக்கிக்கொண்டவர்களுக்கு அது முடியும் நாளில் நேர்வதும் இதேதான்.

நோக்கம் இல்லை என்ற உணர்வை எப்போதும் தத்துவக் கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பு பிடித்தவற்றில் ஆர்வம் அற்றுப்போவது, தூக்கமும் பசியும் கெடுவது, தன்னைப் பயனற்றவராக எண்ணுவது ஆகியவை இரண்டு வாரமாக நாள்தோறும் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாகும் எண்ணம் வந்தால் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும். அந்த நிலையில் இருப்பவரிடம் வாழ்க்கையின் அர்த்தம் பற்றி வாதாடுவதும், மேலே சொன்ன நான்கு மணி நேர யோசனையைத் திணிப்பதும் அவரை இன்னும் களைப்பாக்கும். சிகிச்சைக்குப் பிறகும் கேள்வி மிஞ்சினால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அறவியல் ஆசிரியர்கள் இருவர்