இன்டர்னல் ஸ்டாண்டர்டை எப்போது சேர்த்தார்கள் என்று கேளுங்கள்

உயிர்வேதியியல் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும்,

வணக்கம்.

கொழுப்புப் பெராக்சிடேஷனை, அதாவது கொழுப்பு ஆக்சிஜனேற்றமடைந்து கெடுவதை, அளக்கும் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது: டியூட்டீரியம் ஏற்றிய இன்டர்னல் ஸ்டாண்டர்ட் பயன்படுத்தப்பட்டது. ஒப்பிட்டு அளக்க மாதிரியில் தெரிந்த அளவில் சேர்க்கும் பொருள்தான் இன்டர்னல் ஸ்டாண்டர்ட்; டியூட்டீரியம் என்பது கனமான ஹைட்ரஜன். சரி, எந்தப் படியில் சேர்த்தார்கள்? பல கட்டுரைகளில் அது இல்லை. அந்த விவரத்தைக் கட்டாயமாக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கொழுப்பு அப்படிக் கெடும்போது உண்டாகும் ஐசோப்ரோஸ்டேன்களில் ஒன்றான 8-ஐசோ-பிஜிஎஃப்2ஆல்ஃபாவை எடுத்துக்கொள்வோம். அயனிகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில், எதிர்மின் அயனியாக அது 353 என்ற நிறையில் தெரியும். நான்கு ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் ஏறிய அதன் இரட்டை 357-இல் தெரியும். வேதிக் குணத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பிரித்தெடுக்கும்போது பாதி வீணானால் இரண்டிலும் பாதி போகும். மாதிரியில் உள்ள வேறு பொருட்கள் அயனியாக்கத்தை அமுக்கினால் இரண்டையும் சேர்த்தே அமுக்கும். இரண்டுக்கும் இடையிலான விகிதம் அப்படியே நிற்கும். எனக்கு இந்த முறை மேல் இருக்கும் பிரியமே அதனால்தான்.

ஆனால் கருவியில் செலுத்துவதற்குச் சற்றுமுன் சேர்த்தால், அதற்கு முன்பு நடந்த இழப்பு ஸ்டாண்டர்டுக்கு எப்படித் தெரியும்? நானே ஒருமுறை அப்படிச் சேர்த்து, ஒரு தொகுதி பிளாஸ்மா மாதிரிகள் முழுவதற்கும் குறைவான அளவைக் கணக்கிட்டேன். தவறு புரிந்தபோது மாதிரிகள் தீர்ந்துவிட்டன.

கொழுப்பு மூலக்கூறில் எஸ்டராகக் கட்டுண்ட ஐசோப்ரோஸ்டேனைக் காரத்தால் விடுவித்து அளப்பவர்களிடம் இன்னும் கவனமாகக் கேளுங்கள். தனி மூலக்கூறாகச் சேர்த்த ஸ்டாண்டர்ட், அப்படி விடுவிக்கும் வினை (நீராற்பகுப்பு) முழுமையடைந்ததா என்று சொல்லாது.

ஸ்டாண்டர்டால் திருத்தவே முடியாத பிழை ஒன்றும் உண்டு. ரத்தம் எடுத்த பிறகு, அதிலுள்ள அரக்கிடோனிக் அமிலம் காற்றுப் பட்டுத் தானாக ஆக்சிஜனேற்றமடைந்து புதிய ஐசோப்ரோஸ்டேனை உண்டாக்கும். உடலில் உண்டானதும் குழாயில் உண்டானதும் 353-இல் ஒன்றாகத்தான் நிற்கும். ஆகவே பிஹெச்டி (BHT, பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுயீன்) போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான் எப்போது சேர்க்கப்பட்டது, மாதிரி மைனஸ் 80 டிகிரிக்குப் போக எவ்வளவு நேரமானது என்பதும் கட்டுரையில் வர வேண்டும். என் கணிப்பில், விகிதம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்த விவரம் இல்லாத எண்ணை நம்ப முடியாது.

அப்புறம், ஸ்டாண்டர்ட் மட்டும் உள்ள வெற்று மாதிரியின் முடிவையும் கேளுங்கள். டியூட்டீரியம் ஏறாத மூலக்கூறு அதில் கொஞ்சம் ஒட்டியிருந்தால், குறைந்த செறிவுகளில் அதுவே அளவைக் கூட்டிக் காட்டும்.

இவற்றுக்கு உங்கள் சமர்ப்பிப்புப் படிவத்தில் சில வரி இடம் போதும். அடுத்த இதழுக்கான கட்டுரைகளிலிருந்தே தொடங்குவீர்களா?

அன்புடன்,
ஐசோப்ரோஸ்டேன் அளக்கும் ஓர் ஆய்வாளர்