போகிக்கு முன் அந்தப் பழைய நோட்டைப் பிரித்துப் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்துவிட்டது. இன்னும் சில வாரத்தில் போகி. வீட்டை ஒழிக்கிறோம் என்று பரணிலிருந்து இறக்குகிற டைரிகள், கணக்கு நோட்டுகள், கம்பியில் குத்தி வைத்த கடிதங்கள் எல்லாம் ஒன்று வாசலில் எரியும், இல்லையென்றால் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறும். அதற்குள் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் நாலு வீட்டிலாவது நாலு நோட்டு தப்பிக்கும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

நாட்குறிப்பு என்றதும் எல்லாரும் ஆனந்தரங்கப் பிள்ளையைச் சொல்வார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, இருந்தவர். 1736இல் தொடங்கி 1761இல் காலமாகும் வரை எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் மாளிகைப் பேச்சு, சொந்த வீட்டு விசேஷம் எல்லாம் அதில் உண்டு. பின்னாளில் சென்னை அரசு ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாகக் கொண்டுவந்தது. ஆனால் அவர் இறந்து 85 ஆண்டுகள் அந்தக் குறிப்பேடுகள் எந்த நூலகத்திலும் இல்லை. வாரிசுகளின் வீட்டில்தான் கிடந்தன. 1846இல்தான் காலுவா மொம்பிரேன் என்பவர் கண்ணில் பட்டன. நடுவில் வந்த தலைமுறைகளில் யாராவது ஒருவர் "இது ஏன் இடத்தை அடைத்துக்கொண்டு" என்று நினைத்திருந்தால் அதோடு போயிருக்கும். அவற்றைக் காப்பாற்றிய பெருமையில் அந்த வீட்டாருக்குத்தான் முதல் பங்கு என்று நான் நினைக்கிறேன்.

ஆண்கள் எழுதிய டைரியையாவது "அப்பா டைரி" என்று எடுத்து வைப்பார்கள். பெண்கள் எழுதியவை டைரியில் இல்லை. பால் கணக்கு நோட்டில், சலவைக் கணக்கின் ஓரத்தில், மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் இருக்கின்றன. அதனால்தான் அவை முதலில் போகின்றன.

என் அம்மாவின் வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அப்போது நாங்கள் ராமநாதபுரத்தில் இருந்தோம். 1964 டிசம்பர் 22 இரவுதான் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. மறுநாள் பக்கத்தில் அம்மா எழுதியிருப்பது இவ்வளவுதான்: "பால் வரவில்லை. மண்ணெண்ணெய் 1 புட்டி, கடன். தனுஷ்கோடி போன மூத்தாரைப் பற்றித் தகவல் இல்லை." அடுத்த நாள் அரிசி, உப்பு, மறுபடி கடன். பக்கத்தைத் திருப்பினால், "மூத்தார் வந்தார். மண்டபத்திலேயே நின்றுவிட்டாராம். அம்மனுக்குத் தேங்காய் 2." அழுததையோ வேண்டிக்கொண்டதையோ அம்மா எழுதவில்லை. தேங்காய் மட்டும் செலவில் ஏறியிருக்கிறது. அந்தப் புயலைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். எங்கள் பெரியப்பா பிழைத்து வந்தது இந்த ஒரு வரியில் மட்டும்தான் இருக்கிறது.

நோட்டைப் பத்திரமாக வைத்தால் மட்டும் போதாது. அம்மா நோட்டின் மேலே "குரோதி வருஷம், மார்கழி" என்று மட்டும் எழுதியிருந்தார். அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் வரும். 2024இல் பிறந்ததும் குரோதிதான். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து இதை எடுத்துப் பார்க்கும் பிள்ளைக்கு எந்தக் குரோதி என்று எப்படித் தெரியும்? "மூத்தார்" யார், "சின்னவன்" யார் என்று சொல்ல என் வயதுக்காரர்கள் போனபின் ஆளில்லை. அதனால் உள் அட்டையில் பென்சிலால் எழுதி வைத்தேன்: எழுதியவர் பெயர், அவருடைய பெற்றோர், ஊர், ஆங்கில வருஷம், நோட்டில் வருகிறவர்கள் என்ன உறவு. டைரி எழுதுகிற ஒவ்வொருவரும் இதைத் தாமே, கண் நன்றாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று விடாதீர்கள். அவர்களுக்குப் பாதி உறவு தெரியாது.

எழுத்தே ஒரு தடை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளியில் படித்தவர்கள் ணை, லை, னை எழுதும் விதம் வேறு. வீசம், மாகாணி என்று வரும் கணக்குக் குறிகள் வேறு. தமிழ் நன்றாகப் படிக்கிற பேரனே திணறுகிறான், வெளிநாட்டில் வளர்கிறவர்களைச் சொல்லவே வேண்டாம். எழுதியவர் இருக்கிறார் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லி ஃபோனில் பதிவு செய்யுங்கள். வாசிக்கும்போதே "இது எப்போ நடந்தது தெரியுமா" என்று ஆரம்பிப்பார்கள். அது நோட்டில் இல்லாத சரக்கு.

பாதுகாப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்க முடியாது, தாள் உள்ளேயே வீணாகும். குண்டூசி, ரப்பர் பேண்டு, செலோடேப் மூன்றும் வேண்டாம். துருவும் பிசினும்தான் மிஞ்சும். ராமபாணப் பூச்சிக்கு நம் வீடுகளில் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் வைப்பார்கள், அதைத் துணியில் முடிந்து வையுங்கள், தாளில் நேராகப் படக் கூடாது. அவ்வப்போது திறந்து காற்றாட விடுவதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். தரையோடு இருக்கிற அலமாரித் தட்டில் வைக்கவே வேண்டாம். 2015 சென்னை வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் தாமிரபரணி வந்த வேகத்தையும் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நனைந்துவிட்டால் பக்கங்களை இழுத்துப் பிரிக்காமல் நிழலில், காற்றாடிக் காற்றில் காயவிட வேண்டும்.

ஃபோனில் படம் எடுத்து வைப்பதும் நல்லதுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். கூகுள் கணக்கில் ஏற்றிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க: இரண்டு ஆண்டு யாரும் தொடாத தனிநபர் கணக்கை நிறுவனம் நீக்கிவிடலாம். கடவுச்சொல் தெரிந்த ஒருவராவது குடும்பத்தில் இருக்க வேண்டும். மூல நோட்டை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போட வேண்டாம்.

"எல்லாவற்றையும் பிள்ளைகள் படிக்கலாமா, சொத்துத் தகராறு, மனத்தாங்கல் எல்லாம் இருக்குமே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எழுதியவர் ஒன்றை எரிக்கச் சொன்னால் எரித்துவிடுவதுதான் மரியாதை. ஆனால் அதை அவரே பிரித்து வைக்கட்டும். மற்றவர்கள் மனம் நோகும் பக்கங்களை உறையில் போட்டு, எத்தனை வருஷம் கழித்துத் திறக்கலாம் என்று மேலே எழுதிவிடலாம். யாரையும் கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சண்டை மூட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

வாரிசே இல்லை, அல்லது யாருக்கும் அக்கறை இல்லை என்றால் நூலகத்தை நாடலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கச் சேர்த்தவற்றில் புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகைகளும் நோட்டீசுகளும் இருந்தன. அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. கொடுப்பதற்கு முன் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு, பெற்றுக்கொள்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாசகர் வீடுகளில் இருக்கும் இப்படிப்பட்ட குறிப்புகளில் ஒரு பக்கத்தை, அவர்கள் சம்மதத்தோடு, இதழில் வாரம் ஒன்றாக வெளியிடலாமே. முதல் பக்கம் போகிக்கு முந்தைய இதழிலேயே வந்துவிட்டால் நல்லது. அம்மாவின் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ராமநாதபுரம்