மயக்க டாக்டர் இல்லாத இரவுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அந்தமானில் அரசு மயக்கவியல் மருத்துவராக இருந்துவிட்டு இப்போது காரைக்குடியில் வசிக்கிறேன். அக்டோபர் 16 உலக மயக்கவியல் தினம். 1846இல் பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து, வலியில்லாமல் அறுவை செய்து காட்டிய நாள் அது.

தீவுகளில் சிக்கலான நோயாளியைத் அந்தமான் தலைநகரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு ஹெலிகாப்டரிலோ கப்பலிலோதான் கொண்டுவர வேண்டும். காற்றும் மழையும் பலத்தால் இரண்டும் நின்றுவிடும். அப்போது மயக்க டாக்டருக்கு மயக்கம் கொடுப்பதோடு வேலை முடியாது. மூச்சுக்குழாயில் டியூப் போடுவது, வென்டிலேட்டரைக் கவனிப்பது, ரத்தப்போக்கு நிற்காத தாயின் ரத்த அழுத்தம் சரியாமல் பிடித்து நிறுத்துவது என எல்லாம் அவர் பொறுப்புதான்.

செட்டிநாட்டில் கடல் குறுக்கே இல்லை. ஆனாலும் இரவில் அவசர சிசேரியன் தேவைப்படும் பெண்ணை, மயக்க டாக்டர் இல்லை என்று மதுரைக்கு அனுப்பினால் வழியிலேயே நேரம் கைமீறிப் போகும். தாலுகா மருத்துவமனைகளிலும் 24 மணி நேரமும் இவர்கள் இருக்க அரசு வழி செய்ய வேண்டும். எம்பிபிஎஸ் மருத்துவர்களுக்கு அவசரப் பிரசவ மயக்க சிகிச்சையில் பயிற்சி தரும் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு நம் பகுதியிலிருந்தும் கூடுதலாக ஆட்களை அனுப்பலாமே.

அப்புறம், வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பாவம், பசிக்குமே என்று வீட்டார் ஊட்டிவிடும் இரண்டு பணியாரம் மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

- ஒரு மருத்துவர், காரைக்குடி