பட்டன் வைத்த கரடி

ஜாக்சன் ஹைட்ஸ், நியூயார்க்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள அம்முவுக்கு,

நேற்று ராத்திரி நீ ஃபோனில் பேசியதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. குட்டி நீச்சல் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அழுகிறாள், தண்ணிக்குள் ஒரு பெரிய மீன் வந்து தன் காலைப் பிடித்து இழுக்கிறது என்கிறாள் என்று சொன்னாய். "நல்லா கதை விடுறாப்பா" என்று சிரித்தாய். நானும் கூடச் சிரித்தேன். ஃபோனை வைத்த பிறகுதான், இந்தச் சிரிப்பு நமக்குப் பழக்கமானதாயிற்றே என்று உறைத்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் நானும் உன் அம்மாவும் உன்னைப் பார்த்து இதே மாதிரி சிரித்திருக்கிறோம்.

அந்தக் கதையை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அம்மாவிடம் கொடுத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லப் போகிறேன். தபாலில் போட்டால் குட்டியின் செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு முன்னால் உன் கைக்கு வராது.

கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். நீ சின்ன வயதில் டிவியில் பார்த்த செசமி ஸ்ட்ரீட் பொம்மை நிகழ்ச்சியைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

உனக்கு அந்த நிகழ்ச்சி என்றால் பாட்டும் எல்மோ பொம்மையும் ஞாபகம் வரும். எனக்கு அது ஆஸ்பத்திரி லேபில் நைட் டூட்டி முடித்து வந்து உட்காரும் காலை நேரம். அம்மா வேலைக்குக் கிளம்பியிருப்பாள். நீ பாலில் ஊறிய கார்ன்ஃப்ளேக்ஸ் கிண்ணத்தோடு என் மடியில் ஏறிக்கொள்வாய். சேனல் 13, ஒரு மணி நேரம். இந்த ஊர் இங்கிலீஷுக்கு என் காது பழகியதே அங்கேதான். இன்ன எழுத்தும் இன்ன எண்ணும் இன்றைய நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குகின்றன என்று விளம்பரக் கம்பெனி மாதிரி சொல்லி முடிப்பார்களே, அதைக் கேட்காமல் நீ மடியை விட்டு இறங்கமாட்டாய்.

அது எப்படி ஆரம்பித்தது என்பதை நான் பிறகு தேடித் தேடிப் படித்தேன். கார்னெகி அறக்கட்டளையில் இருந்த லாயிட் மாரிசெட்டுக்கு மூன்று வயதில் ஒரு மகள். விடியற்காலையில், நிகழ்ச்சிகள் தொடங்கும் முன்பே, அந்தக் குழந்தை டிவி முன்னால் உட்கார்ந்து வெறும் கோடும் கட்டமுமாகத் தெரியும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாம். 1966-ல் நியூயார்க்கில் ஒரு வீட்டு விருந்தில் இந்தப் பேச்சு வந்தது. அந்த வீட்டுக்காரர் ஜோன் கான்ஸ் கூனி, டிவி தயாரிப்பாளர். பீர் விளம்பரப் பாட்டையெல்லாம் மனப்பாடமாகப் பாடுகிற பிள்ளைகளுக்கு அதே பெட்டியால் எழுத்தும் எண்ணும் சொல்லித்தர முடியாதா என்று இரண்டு பேரும் யோசித்தார்கள். அறக்கட்டளைப் பணம், அரசாங்கப் பணம் எல்லாம் சேர்த்து 80 லட்சம் டாலர் திரட்டினார்கள். 1969 நவம்பர் 10-ல் முதல் நிகழ்ச்சி வந்தது.

அதற்கு முன்னால் அவர்கள் செய்த சோதனைதான் லேபில் வேலை பார்த்த எனக்கு மிகவும் பிடித்தது. குழந்தையை டிவி முன்னால் உட்காரவைப்பார்கள். பக்கத்திலேயே இன்னொரு திரையில் ஏழரை விநாடிக்கு ஒரு தடவை ஸ்லைடு மாறிக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் குழந்தையின் கண் டிவியை விட்டு ஸ்லைடுக்குப் போகிறது என்று ஒருவர் குறித்துக்கொண்டே வருவார். பொம்மைகள் வந்தால் கண் அசையாது. நிகழ்ச்சி நடக்கும் அந்தத் தெருவில் பெரியவர்கள் நின்று பேசும் காட்சி வந்தால் கண் போய்விடும். நிஜ மனிதர்களையும் கற்பனை உருவங்களையும் ஒரே காட்சியில் கலக்காதீர்கள், குழந்தைகள் குழம்பிப்போவார்கள் என்று நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். அதைத் தள்ளிவைத்துவிட்டு, குழந்தைகளின் கண் சொன்னதைக் கேட்டார்கள். பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் தெருவுக்கென்றே இரண்டு பேரைப் படைத்தார். ஒருவன் பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவை, இன்னொருவன் குப்பைத்தொட்டிக்குள் குடியிருக்கும் ஆஸ்கர்.

அந்தத் தெருவில் கறுப்பர், வெள்ளையர், ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒன்றாகக் குடியிருந்தார்கள். 1970-ல் மிசிசிப்பி மாநிலத்தில் அந்தக் காரணத்துக்காகவே ஒளிபரப்பக் கூடாது என்று முடிவெடுத்து, சில வாரங்களிலேயே கண்டனம் தாங்காமல் பின்வாங்கினார்கள். நம் கட்டிடத்துப் படிக்கட்டும் அந்தத் தெரு மாதிரிதான் இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும்.

பிக் பேர்டுக்குள் இருந்தவர் கேரல் ஸ்பின்னி. சின்ன வயதில் நம் ஊர்க் கோயில் கொடையில் தோல்பாவைக் கூத்து பார்க்கும்போது நான் திரைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்க்கிற ஆள். அதனால் இவர் எப்படிச் செய்கிறார் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. பறவையின் உயரம் 8 அடி 2 அங்குலம். உள்ளே அவர் வலது கையைத் தலைக்கு மேலே நீட்டிப் பிடித்தபடியே நிற்க வேண்டும். அந்தக் கைதான் பிக் பேர்டின் வாய். சுண்டுவிரலில் மாட்டிய ஒரு சின்ன நெம்புகோல் கண்ணிமையை அசைக்கும். இடது கை இடது இறக்கைக்குள். வலது இறக்கைக்குள் கையே கிடையாது. தூண்டில் நரம்பு ஒன்றைக் கழுத்துக்குக் கீழே ஒரு வளையம் வழியாகக் கொண்டுபோய் இரண்டு இறக்கைக்கும் கட்டியிருந்தார்கள். இடது இறக்கை கீழே போனால் வலது மேலே வரும். வெளியே எதுவும் தெரியாது. நெஞ்சில் கட்டிய ஒரு குட்டி டிவியில் தன்னையே பார்த்துக்கொண்டு நடந்தார். 2018 வரை, கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் அவர்தான் பிக் பேர்ட். ஆஸ்கரும் அவர்தான்.

கடைக்காரர் மிஸ்டர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். ஊரை விட்டுப் போய்விட்டார் என்று கதையில் ஒரு வரி சேர்த்திருந்தால் போதும், யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 1983 நவம்பர் 24, தேங்க்ஸ்கிவிங் அன்று, பெரியவர்கள் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து அந்த நிகழ்ச்சியை வைத்தார்கள். பிக் பேர்ட் எல்லாருடைய படத்தையும் வரைந்து கொண்டுவருகிறது. ஹூப்பருக்கு மட்டும் அவர் வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது. இறந்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று தெருவின் பெரியவர்கள் நேராகச் சொல்கிறார்கள். ஏன் இப்படி ஆக வேண்டும் என்று அது கேட்கும்போது, அது அப்படித்தான் என்பதைத் தவிர அவர்களிடம் வேறு பதில் இல்லை. நடித்தவர்கள் கண்ணில் இருந்தது நிஜக் கண்ணீர். உனக்கு அப்போது இரண்டரை வயது, என் மடியிலேயே தூங்கிவிட்டாய். ஆச்சி போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. லீவு கிடைக்காமல், தந்தியை வைத்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டவன் நான். அன்றைக்குத்தான் அழுதேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்னஃபியை நினைவிருக்கிறதா? பழுப்பு நிறத்தில் சடைசடையாக முடி, தரையைத் தொடும் மூக்கு, நீண்ட இமைமுடி. ஸ்னஃபலப்பகஸ் என்பதன் சுருக்கம் அது. நீ அதை யானை மாமா என்பாய். 1971-லிருந்து அது பிக் பேர்டின் நண்பன். ஆனால் பெரியவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. அவர்கள் வரும்போது அது போயிருக்கும். இப்போதுதான் இங்கே நின்றது என்று பிக் பேர்ட் கத்தும். அவர்கள் சிரித்து, தலையைத் தடவிவிட்டுப் போய்விடுவார்கள். பதினான்கு வருஷம் இதுவே ஒரு வேடிக்கையாக ஓடியது.

1980-களின் தொடக்கத்தில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளைப் பற்றிய செய்திகள் வர ஆரம்பித்தன, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களிலேயே நடந்தவை கூட. நிகழ்ச்சிக்காரர்களுக்குப் பயம் பிடித்தது. உண்மையைச் சொல்லும் ஒருவனைப் பெரியவர்கள் நம்பாமலே இருப்பதைத் தினமும் காட்டினால், நாம் சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று பார்க்கிற பிள்ளை வாயை மூடிக்கொள்ளாதா? முதலில் பெரியவர்களில் சிலரை மட்டும் பிக் பேர்டை நம்ப வைத்தார்கள். அப்புறம் 1985 நவம்பர் 18, திங்கட்கிழமை, ஸ்னஃபியை எல்லார் முன்னாலும் கொண்டுவந்தார்கள்.

அந்த வருஷம் செப்டம்பரிலிருந்து, நான் தூங்கும் பகல் நேரத்துக்கு உன்னைக் கீழ்த்தளத்தில் ஒரு அம்மாளிடம் விட்டோம். உனக்கு நாலரை வயது. லிஃப்டில் யானை ஏறியது, பாத்டப்பில் கப்பல் வந்தது என்று தினமும் ஒரு கதை சொல்வாய். அதே வாயால்தான் ஒருநாள், "அந்த ஆன்ட்டி என்னைக் கரடி ரூம்ல உக்கார வெக்கிறாங்க" என்றாய். கரடியா, அது என்ன சாப்பிடும் என்று கேட்டுச் சிரித்தோம். நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். அம்மா அந்த அம்மாளிடமே கேட்டாள். உங்கள் பெண்ணுக்கு நல்ல கற்பனை என்று அவரும் சிரித்தார். அதோடு விட்டுவிட்டோம். நீயும் சொல்வதை நிறுத்திவிட்டாய். நிறுத்தியதை நாங்கள் கவனிக்கக்கூட இல்லை அம்மு.

அந்தத் திங்கட்கிழமை டூட்டி முடித்து வந்து உன்னோடு உட்கார்ந்தேன். பிக் பேர்ட் ஒரு ஏற்பாடு செய்திருந்தது. ஸ்னஃபி வந்ததும் பிக் பேர்ட் "ஃபூட்" என்று கத்தும், உடனே எல்லாரும் ஓடிவர வேண்டும். ஸ்னஃபி வழக்கம்போல் நழுவப் பார்க்கிறது. எல்மோ அதன் மூக்கைப் பிடித்துத் தொங்குகிறது. பெரியவர்கள் ஓடிவந்து அப்படியே நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறார்கள். இனிமேல் நீ சொன்னால் நம்புவோம் என்று பிக் பேர்டிடம் சொல்கிறார்கள்.

நீ ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாய். "அவங்க நம்பிட்டாங்கப்பா" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, டிவியைப் பார்த்தபடியே, "நீயும் வந்து கரடியப் பாக்குறியா?" என்று கேட்டாய்.

எனக்கு என்ன தோன்றியதோ, கரடி என்ன கலர் என்று கேட்டேன்.

"பிரவுன்" என்றாய். "பட்டன் இருக்கு."

உன்னைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். வெள்ளிக்கிழமை மறந்து வைத்த ஜாக்கெட்டை வாங்க வந்தேன் என்றேன். அந்த அம்மாள் வாசலை ஒட்டிய துணி அலமாரியைத் திறந்தார். ஆள் உள்ளே போகிற அளவு அலமாரி, உள்ளே விளக்கு இல்லை. நடுவில் தரை வரைக்கும் ஒரு ரோமக் கோட்டு தொங்கியது. பழுப்பு நிறம், நெல்லிக்காய் அளவு பட்டன்கள். அதற்குக் கீழே பிளாஸ்டிக் முக்காலி ஒன்று, நீ உட்காரும் உயரத்தில். என் கழுத்தைக் கட்டியிருந்த உன் கை இறுகியது.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். அப்படி வந்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் அம்மா போய்க் கேட்டபோது, சாப்பிட மறுத்தால் மட்டும்தான், அதுவும் ஐந்து நிமிஷம்தான் என்றாராம். அம்மா இரண்டு மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தாள். நான் பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக் கேட்டு வாங்கினேன். நீ ரொம்ப நாள் விளக்கை எரியவிட்டுத்தான் தூங்கினாய். இப்பவும் ஹால் லைட்டை அணைக்கவிடமாட்டாய் என்று மாப்பிள்ளை ஒருநாள் விளையாட்டாகச் சொன்னார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

என்னை மன்னித்துக்கொள் அம்மு. பத்து வாரம் உன்னை நானே கொண்டுபோய் அந்த வாசலில் விட்டிருக்கிறேன்.

1993-ல் அந்த நிகழ்ச்சியின் ஸ்டுடியோ அஸ்டோரியாவுக்கே வந்துவிட்டது, நம் வீட்டிலிருந்து ரயிலில் சில ஸ்டேஷன்தான். ரிட்டயர் ஆன பிறகு ஒருநாள் போய் எதிர்த்த நடைபாதையில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே போய் யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். சொல்லத் துணிவு வரவில்லை.

குட்டியை இன்று குளிப்பாட்டும்போது அந்த மீன் என்ன கலர் என்று கேள். சாதாரணமாகக் கேள், பயந்த முகம் வேண்டாம். எந்த ஓரத்தில் இருக்கும், அது வரும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று அவளே சொல்வாள். நீ நடுவில் பேசாதே. செவ்வாய்க்கிழமை அவளை அனுப்பவும் வேண்டாம். அப்புறம் எனக்குக் கூப்பிடு. அங்கே எட்டு மணி என்றால் இங்கே பதினொன்று, பரவாயில்லை. ஃபோனைத் தலைமாட்டிலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா