அம்மாவோட மாத்திரை அட்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வயசானவங்க மனச்சோர்வு பத்தி வந்த பக்கத்த படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா மாத்திரைன்னு வந்ததும் "டாக்டரைப் பாருங்கள்"னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. எங்களுக்கு சிக்கலே அங்கதான் ஆரம்பிச்சது.

அம்மாவுக்கு 71. அப்பா போனதுக்கப்புறம் தூக்கம் இல்ல, தட்டுல சோத்த பிசைஞ்சுகிட்டே உக்காந்திருப்பாங்க. பக்கத்து கிளினிக்ல தூக்கத்துக்குனு அல்பிரசோலம் எழுதிக்குடுத்தாங்க, நாங்களும் அதே சீட்ட காட்டி ஆறு மாசம் வாங்கிட்டிருந்தோம், அது மனச்சோர்வுக்கான மருந்தே இல்லன்னு ராத்திரி பாத்ரூம் போறப்ப தள்ளாடி விழுந்த பிறகுதான் தெரிஞ்சுது.

அப்புறம் மனநல டாக்டர் அத கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, மனச்சோர்வுக்குனு எஸ்சிடலோபிராம் 5 மில்லிகிராம்ல ஆரம்பிச்சாரு, இந்த வயசுல பொதுவா 10ஐ தாண்டுறதில்லன்னாரு. பத்தாவது நாள் அம்மா என்னைப் பாத்து "யாருப்பா நீ"ன்னாங்க. அடிச்சுப்புடிச்சு ஆஸ்பத்திரிக்கு போனா, ரத்தத்துல 135க்கு மேல இருக்க வேண்டிய சோடியம், அதாவது உப்புச்சத்து, 118. அவங்க பிபி மாத்திரையில ஹைட்ரோகுளோரோதயசைடுன்னு உப்ப மூத்திரத்துல வெளியேத்துற மருந்தும் சேந்திருக்கு, இது ரெண்டும் ஒண்ணா போனா வயசானவங்களுக்கு சோடியம் இறங்குறது தெரிஞ்ச விஷயம்தானாம், ஐசியு வாசல்ல வெச்சு சொல்றாங்க! டாக்டரும் கேக்கல, நாங்களும் பிபி அட்டைய காட்டல.

பிபி மாத்திரைய மாத்தி, எஸ்சிடலோபிராமுக்கு பதிலா இப்ப ராத்திரி மிர்டாசபின்னு வேற மனச்சோர்வு மருந்து, பாதி மாத்திரை. தூக்கம் வருது, பசியும் எடுக்குது. சோடியம் இறங்குற வாய்ப்பு இதுல கம்மின்னாலும் டெஸ்ட் எடுக்கத்தான் செய்றோம். மனசு தெளிய ஏழெட்டு வாரம் ஆச்சு, அதுக்குள்ள சித்தி வந்து "இதெல்லாம் பழகிப்போயிடும், நிறுத்து"ன்னு ஒரே சண்டை. பழகிப்போறது அந்த அல்பிரசோலம், அத ஆறு மாசம் முழுங்கினப்ப யாரும் வாய் தெறக்கல.

அடுத்த தடவ போடுறப்ப எந்த மாத்திரைக்கு எப்ப ரத்த டெஸ்ட் எடுக்கணும், ஆஸ்பிரின் சாப்பிடுறவங்களுக்கு எஸ்சிடலோபிராம் மாதிரி மருந்துகளால வயித்துல ரத்தக்கசிவு வர வாய்ப்பு ஏன் கூடுது, அமிட்ரிப்டிலின்ங்கிற பழைய மனச்சோர்வு மருந்து வயசானவங்களுக்கு ஏன் ஒத்துக்கிறதில்ல (மூத்திரம் அடைக்கும், புத்தி தடுமாறும்) இதையெல்லாம் ஒரு டாக்டர விட்டு எழுத வைங்க, மனநல உதவிக்கு அரசாங்கம் நடத்துற டெலிமானஸ் 14416 போன் நம்பரையும் பெரிசா போடுங்க. அம்மாவோட பழைய பிபி அட்டைய போட்டோ எடுத்து இதோட அனுப்பியிருக்கேன், மருந்து பேரு எவ்வளவு பொடி எழுத்துல இருக்குன்னு நீங்களே பாருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை